எஃப்.டபிள்யூ. என்ற இரண்டெழுத்து

2020 ஆகஸ்ட் 21, வெள்ளி

ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் வில்லியம்ஸ் அணி கைமாறிவிட்டது. டோரில்டன் கேப்பிட்டல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கியிருக்கிறது. பெயர் மாறாது, இங்கிலாந்தின் குரோவில் உள்ள தொழிற்சாலையும் அங்கேயே இருக்கும் என்கிறார்கள். இருந்தாலும் செய்தியைப் படித்ததிலிருந்து மனசு வேறெதிலும் நிற்கவில்லை.

அணியைத் தொடங்கிய ஃபிராங்க் வில்லியம்ஸ் ஓர் அணியை இழப்பது இது முதல்முறை அல்ல. 1970-களில் தொலைபேசி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்பதற்காகத் தெருவோரத் தொலைபேசிக் கூண்டில் நின்று தொழில் நடத்தியவர் அவர். 1976-இல் வால்டர் வுல்ஃப் என்ற செல்வந்தர் பெரும்பங்கை வாங்கினார். தான் தொடங்கிய அணியிலேயே ஃபிராங்குக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று. வெளியே வந்து, பேட்ரிக் ஹெட் என்ற இளம் பொறியாளரைச் சேர்த்துக்கொண்டு, 1977-இல் டிட்காட்டில் ஒரு பழைய கம்பளக் கிடங்கில் மறுபடி ஆரம்பித்தார். இரண்டே வருடத்தில், 1979 ஜூலையில், சில்வர்ஸ்டோனில் முதல் வெற்றி. முன்னால் போய்க்கொண்டிருந்த அணியின் ஓட்டுநர் ஆலன் ஜோன்ஸின் கார் தண்ணீர் பம்ப் கெட்டு நின்றுவிட, இன்னொரு ஓட்டுநர் கிளே ரெகட்ஸோனி ஜெயித்தார். பணம் போட்டவர்கள் சவூதிக்காரர்கள் என்பதால் மேடையில் அவர் ஷாம்பெயினைத் தொடவில்லை. அடுத்த வருடம் ஜோன்ஸ் உலக சாம்பியன்.

கிடங்கில் ஆரம்பித்த அன்று ஃபிராங்குக்கு 35 வயது. இன்று 78. மறுபடி ஒரு கிடங்கு தேடிப் போக முடியாது.

2020 செப்டம்பர் 6, ஞாயிறு

இத்தாலியின் மொன்சா. வில்லியம்ஸ் குடும்பத்தின் கடைசிப் பந்தயம். அணியை நடத்திவந்த ஃபிராங்கின் மகள் கிளேரும் இன்றோடு விலகுகிறார். அணியின் ஓட்டுநர் லட்டிஃபி 11-ஆவதாக வந்தார். இன்னும் ஓர் இடம் முன்னேறியிருந்தால் ஒரு புள்ளியாவது கையில் இருந்திருக்கும்.

9 அணிப் பட்டங்கள், 7 ஓட்டுநர் பட்டங்கள் வென்ற அணி எங்கே சறுக்கியது? எஞ்சினில்தான் என்று நினைக்கிறேன். வில்லியம்ஸ் காரைக் கட்டும். எஞ்சின் என்றைக்கும் அடுத்தவருடையது. ஹோண்டா எஞ்சினோடு 1986, 1987 இரண்டு வருடமும் அணிப் பட்டம். 1988-இல் ஹோண்டா மெக்லாரன் பக்கம் போய்விட, வில்லியம்ஸுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. பிறகு ரெனோ வந்தது. பொற்காலமும் வந்தது.

அந்த 1992-ஆம் வருடக் காரை, எஃப்.டபிள்யூ.14பி-யை (எஃப்.டபிள்யூ. என்பது ஃபிராங்க் வில்லியம்ஸ் பெயரின் முதலெழுத்துகள்), எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது. மற்ற கார்களில் மேடுபள்ளத்தை ஸ்பிரிங் தாங்கும். இதில் கணினி கட்டளையிட, ஹைட்ராலிக் கருவிகள் ஒவ்வொரு சக்கரப் பக்கமும் காரின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் திருத்திக்கொண்டே இருக்கும். பிரேக் அடித்தாலும் மூக்கு குனியாது, திருப்பத்தில் உடல் சாயாது. தரைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாததால், காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசையும் ஏறி இறங்காது. நைஜல் மான்செல் முதல் 5 பந்தயங்களையும் வரிசையாக வென்றார். மொத்தம் 16-இல் 9. ஆகஸ்டில் ஹங்கேரியிலேயே பட்டம் முடிவாகிவிட்டது. 1994-க்கு அந்தத் தொழில்நுட்பத்தையே தடை செய்தார்கள்.

ரெனோ 1997 முடிவில் விலகியது. அதற்குப் பிறகு ஒரு பட்டமும் இல்லை. பி.எம்.டபிள்யூ. வந்து, 2005 முடிவில் அதுவும் போயிற்று. அடுத்த இரண்டு வருடம் நம் நரேன் கார்த்திகேயன் அங்கே சோதனை ஓட்டுநர். பந்தய இருக்கை கிடைத்துவிடாதா என்று ஒவ்வொரு அறிவிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

2021 ஆகஸ்ட் 1, ஞாயிறு

ஹங்கேரியில் முதல் திருப்பத்திலேயே பெரும் மோதல். அதில் தப்பி லட்டிஃபியும் ரஸலும், இரண்டு வில்லியம்ஸ் கார்களும், புள்ளி எடுத்துவிட்டன! பேட்டியில் ரஸல் அழுதார். நானும் அழுதேன்.

2021 நவம்பர் 28, ஞாயிறு

ஃபிராங்க் போய்விட்டார். வயது 79.

தினமும் ஓடிக்கொண்டிருந்த மனிதர். 1986 மார்ச் 8 அன்று, பிரான்ஸின் பால் ரிக்கார்ட் பந்தயத் தடத்தில் சோதனை ஓட்டம் பார்த்துவிட்டு நீஸ் விமான நிலையத்துக்குக் காரில் விரைந்தபோது விபத்து. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அந்த ஜூலையில் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் மான்செல் முதலாவதாகவும் அணியின் இன்னொரு ஓட்டுநர் பிக்கே இரண்டாவதாகவும் வர, அணிக்கான கோப்பையை மேடையேறி வாங்கியவர் மனைவி வர்ஜீனியா. அந்தப் படத்தை இன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய 9 அணிப் பட்டங்களில் 7 அந்த விபத்துக்குப் பிறகு வந்தவை.

1994 மே 1, இமோலா. அவர் கட்டிய காரில்தான் ஓட்டுநர் அயர்டன் சென்னா பந்தயத்தில் மோதி இறந்தார். அதற்குப் பிந்தைய ஒவ்வொரு வில்லியம்ஸ் காரிலும், இந்த வருடக் கார் வரைக்கும், சென்னாவின் ‘எஸ்’ சின்னம் இருக்கிறது. இதற்குமேல் இன்று எழுத ஓடவில்லை.

2024 மார்ச் 24, ஞாயிறு

மெல்போர்ன். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அணியின் ஓட்டுநர் ஆல்பன் மோதி, காரின் சேஸி, அதாவது அடிப்படை உடற்கூடு, நொறுங்கிவிட்டது. மாற்றுச் சேஸி கொண்டுவரவில்லை. காரணம், அப்படி ஒன்று இன்னும் கட்டப்படவே இல்லை. எந்தத் தப்பும் செய்யாத இன்னொரு ஓட்டுநர் சார்ஜென்ட்டை இறக்கிவிட்டு அவருடைய காரை ஆல்பனுக்குக் கொடுத்தார்கள். முடிவு 11-ஆவது இடம். எனக்கு இது உறுத்துகிறது. சார்ஜென்ட்டின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காரின் சுமார் 20,000 பாகங்களின் கணக்கு ஓர் எக்ஸெல் கோப்பில் இருந்ததாம். அணித் தலைவர் ஜேம்ஸ் வவுல்ஸ் வந்து பார்த்து அதிர்ந்துபோயிருக்கிறார்.

மொன்சா அன்று எஞ்சின்தான் காரணம் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான். 2018, 2019 இரண்டு வருடமும் பட்டம் வென்ற அதே மெர்சிடிஸ் எஞ்சின்தான் வில்லியம்ஸிலும் இருந்தது. இரண்டு வருடமும் கடைசி இடம். 2019-இல் பார்சலோனா சோதனைக்குக் காரே இரண்டரை நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. ஒரு சிலர் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கிடங்கில் உட்கார்ந்து கட்டிய அணி இது. அந்தப் பழக்கம் ஜெயிக்கவும் வைத்தது. அதனாலேயே அதை யாரும் தொடவில்லை. ஃபிராங்கும் ஹெட்டும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1996-இல் ஓட்டுநர் டேமன் ஹில் சாம்பியனாகிக்கொண்டிருந்தபோதே அவரை அனுப்ப முடிவெடுத்தார்கள். காரை வடிவமைத்த அட்ரியன் நியூவியிடம் கலந்தாலோசிக்கவில்லை. நியூவி மெக்லாரனுக்குப் போய்விட்டார். ரெனோ போனதைவிட நியூவி போனதே பெரிய நஷ்டம் என்று இன்று தோன்றுகிறது. நான் நேசித்த மனிதரைப் பற்றி இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

2025 செப்டம்பர் 21, ஞாயிறு

அஜர்பைஜானின் பாகு. எங்கள் ஓட்டுநர் சைன்ஸ் மூன்றாவது! தகுதிச்சுற்றில் இரண்டாம் இடம் பிடித்தபோதே நெஞ்சு படபடத்தது. மழை பெய்த பெல்ஜியத்தில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சுற்றிவிட்டே ரஸலுக்கு இரண்டாமிடம் கொடுத்தார்களே, 2021-இல், அதற்குப் பிறகு வில்லியம்ஸ் மேடையேறவே இல்லை. முழுதாக ஓடிய பந்தயம் என்று பார்த்தால் 2017-இல் அப்போதைய வில்லியம்ஸ் ஓட்டுநர் ஸ்ட்ரோல் எடுத்த மூன்றாமிடம்தான் கடைசி. அதுவும் இதே பாகுவில்.

மேடையில் சைன்ஸுக்கு ஒரு படி மேலே, மெர்சிடிஸ் உடையில், ரஸல். ஹங்கேரியில் அழுத அதே பையன். கீழே வில்லியம்ஸ் ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். காரின் பெயர் எஃப்.டபிள்யூ.47. அந்த இரண்டு எழுத்தைப் புது முதலாளிகள் இன்னும் எடுக்கவில்லை.