டிக்கெட்டின் பின்பக்கம்

காலை முதல் ட்ரிப். டவுன் பஸ்ஸில் 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய்த் தாள் நீள்கிறது.

கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட்டைத் திருப்பி, காதில் செருகியிருந்த பேனாவால் 490 என்று எழுதி, ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார்.

“சில்லறை இல்லாம ஏன்யா ஏறுற?” என்பதை விழுங்கிய வட்டம் அது.

முதல் ட்ரிப்பில் பையில் சில்லறை கொஞ்சம்தான் இருக்கும். ரெண்டு 500 வந்தாலே காலி. அடுத்த ஸ்டேஜுக்குள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும். நடுவில் செக்கிங் ஏறினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கணக்கில் 20 ரூபாய் குறைந்தால் சொந்தக் காசு. நாலாவது ஆளிடம் அவர் எரிந்து விழுவது பெரும்பாலும் முதல் மூன்று பேரின் பாக்கி.

பெரிய நோட்டுதான் இருக்கிறதென்றால், “அண்ணே, மீதிய எறங்கும்போது வாங்கிக்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடலாம். இறங்க ரெண்டு ஸ்டாப் இருக்கும்போதே கேட்க வேண்டும், படியில் நின்றுகொண்டு கத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடையக் கூடாது (குடைகிறார்கள்!). ஊர்ப் பேரைக் காசு நீட்டும்போதே சொன்னால், “எங்க?” என்ற ஒரு கேள்வி அவருக்கு மிச்சம். ஒரு நாளைக்கு எத்தனை நூறு “எங்க?” என்று யோசித்துப் பாருங்கள்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. அந்தச் சீட்டை முகம் பார்த்துக் கொடுப்பவரும் உண்டு, வீசுபவரும் உண்டு.

மார்க்கெட் ஸ்டாப் வருவதற்குள் பின்னாலிருந்து குரல்:

“அந்த 490 யாருப்பா? வாங்கிக்க!”