ஆறு மணிக்கு மேல் சாவி கிடையாது
அப்பாவுக்குச் சர்க்கரையால் விழித்திரை பாதித்து, இரண்டு கண்ணிலும் லேசர் வைத்து மூன்று மாதம் ஆகிறது. பகலில் காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டிக்குத் தனியாகப் போய் வருகிறார். பொழுது சாய்ந்தால்தான் சிக்கல். நேற்று வாசற்படியில் படுத்திருந்த நாயை மிதித்துவிட்டார். இரண்டு பேருமே கத்தினார்கள்.

"லேசர் வெச்சும் பார்வை கூடலையேடா" என்கிறார். கூடாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் அது. விழித்திரையின் ஓரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சுடுகிறார்கள். கண்ணுக்குள் புதிதாக முளைத்து ரத்தம் கசியவிடும் ரத்தக் குழாய்கள் அதில் சுருங்கும். கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறையும் என்று 1970களிலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் சுட்ட இடம் சுட்டதுதான். இருட்டுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் மங்கும். இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

மொபெட் சாவி இப்போது என்னிடம். அவருக்கு அதில்தான் கோபம், லேசர்மேல் இல்லை.