சேதுச் சாலையில் நின்று பார்த்த கற்கள்

இராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலம் எப்போது வரும் என்றுதான் ஜன்னலோரம் காத்திருப்பார்கள். அதுவரை வருகிற ஊர்களெல்லாம் பனையும் உடைமரமுமாக ஓடி மறைந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை 87-இன் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கல்லைத் தவிர வேறென்ன கற்கள் இந்தச் சாலையோரம் நிற்கின்றன என்று பார்ப்பதற்காகவே இந்தமுறை பைக்கில் போனேன்.

உச்சிப்புளிக்கு முன்னால், கிளைச் சாலை ஒன்று பிரிகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருக்கிறார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இறக்கிவிடவும் தூக்கிவிடவும் இன்னொரு ஆளைத் தேட வேண்டியதில்லை. கல்மேல் நகர்த்தி வைத்துவிட்டு இளைப்பாறலாம், பிறகு தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடக்கலாம். மேல்கல்லின் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்து கிடந்தது. விளிம்பில் எழுத்துகள் இருந்தன. பலமுறை அடித்த சுண்ணாம்பு வெட்டுகளை அடைத்துவிட்டதால் விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது. கடைசியில் ‘அம்மாள்’ மட்டும் பிடிபட்டது.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர், “என்ன தம்பி தடவித் தடவிப் பாக்குறீக? வயித்துப் புள்ளையோட போனவளுக்கு வச்ச கல்லு அது” என்றார்.

பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோனவள் வயிற்றுப் பாரத்தை இறக்காமலே போய்விட்டாள். வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இங்கே இறக்க இறக்க அவள் பாரமும் குறையும் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. ராஜாக்களின் புகழைக் கல்லில் வெட்டிய மெய்க்கீர்த்திகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எதுவும் என்னை இவ்வளவு நேரம் நிறுத்திவைத்ததில்லை. வேறொரு ஊரில், சாலையை அகலப்படுத்தியபோது பெயர்த்த சுமைதாங்கி ஒன்று வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். பத்தடி தள்ளி நட்டுவைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மண்டபத்தில் தோணித்துறை. 1914-இல் ரயில் பாலம் திறக்கும்வரை யாத்திரிகர்கள் படகில்தான் பாம்பனுக்குக் கடந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த முகாமும் மண்டபத்தில்தான் இருந்தது. பாலம் தாண்டியதும் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கிய இடம். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது, விவரமும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து வருகிற இரண்டு ஊர்களில்தான் நான் அதிக நேரம் இருந்தேன். அக்காள்மடம், தங்கச்சிமடம். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவர் தன் இரண்டு மகள்களையும் ஒருவருக்கே கட்டிக்கொடுத்தாராம். அந்த மருமகன், கடல் கடக்க வந்த யாத்திரிகர்களிடம் காசு வசூலித்தார். ராமேஸ்வரத்துக்குப் போகும் சேது யாத்திரையைக் காப்பதே சேதுபதியின் கடமை. மருமகன் என்றும் பாராமல் மரண தண்டனை கொடுத்துவிட்டார். மகள்கள் இருவரும் உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே இந்த ஊர்கள் என்று இங்கே சொல்கிறார்கள். நீதி தவறாத அரசர் என்று கதையை முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெண்கள்தான் மனசில் நின்றார்கள். கணவனையும் உயிரையும் சேர்த்து இழந்தவர்களின் உறவுமுறையை இன்றைக்கும் பஸ் கண்டக்டர் சத்தமாகச் சொல்லி ஆளை இறக்கிவிடுகிறார்.

தனுஷ்கோடியில் எழுதி வைக்கத் தேவையில்லாத அடையாளங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலே கடலுக்குப் போனது. பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயச் சுவர் மிச்சமிருக்கிறது. அதில் ஆணியால் காதலர் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள், வயிறு எரிகிறது. ஏற்கெனவே உப்புக்காற்று அரித்துக்கொண்டிருக்கிற சுவர் அது. தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

தனுஷ்கோடி தாண்டி, நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் நின்று நின்று பார்க்க விரும்பினால் இராமநாதபுரத்தை விட்டு விடியற்காலையிலேயே கிளம்புங்கள்.