யாரும் இல்லாத இடம்

"அங்கே ஆட்கள் இருப்பார்களா?" என்று அவர் கேட்டார்.

"யாரும் இல்லை" என்றேன்.

இரண்டு வருடமாக இந்த இரண்டு வரிகள் மனத்தை விட்டுப் போகவில்லை. கேட்டவர் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) விளையாட வந்த ஒரு வெளிநாட்டு விருந்தினர். சொன்னவன் அவர்களை ஏற்றிப் போகிற முச்சக்கர வண்டிக்காரன். கேட்டது ஆங்கிலத்தில், சொன்னதும் ஆங்கிலத்தில். தமிழில் பேசியிருந்தால் பதில் வேறு மாதிரி வந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. கல்யாண வீட்டில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால், வீடு நிறைய மாமிமாரும் சாச்சிமாரும் உட்கார்ந்திருக்கும்போதே, "இன்னும் ஒருவரும் வரவில்லை, நம் ஆட்கள்தான்" என்போம் இல்லையா? அந்தக் கணக்கில்தான் சொன்னேன். ஆங்கிலத்துக்குப் போகிற வழியில் பிற்பாதி உதிர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் போனால், அது உதிரவில்லை, நான்தான் உதிர்த்தேன் என்று தோன்றும்.

2023 ஜூலை அது. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பையில், அதாவது எங்கள் உல்லையில், ஜூலையும் ஆகஸ்டும் எப்படி இருக்கும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே எங்கோ பெருங்கடலில் அடிக்கும் புயல் கிளப்பிவிடும் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து வந்து எங்கள் முனையில் வரிசையாக உடையும். அதைப் பிடிக்க விடிவதற்கு முன்பே, மெயின் பாயின்ட் என்கிற அந்த முனையில் ஐம்பது அறுபது பேர் அலைப்பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அலை முதலில் எங்கே உடைகிறதோ அதற்கு அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை என்பது உலகம் முழுவதும் உள்ள சட்டம். அறுபது பேர் இருக்கிற இடத்தில் சட்டம் எங்கே நிற்கும்?

அன்று காலை அவர் ஒரு நல்ல அலையில் வந்துகொண்டிருக்கும்போது எவனோ குறுக்கே இறங்கிவிட்டான். அவன் பலகையின் அடியில் இருந்த ஃபின், மீன் செதில் மாதிரியான கூர்த் தகடு, இவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தது. என் முச்சக்கர வண்டியின் படியில் உட்கார்ந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரால் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கோபமாக இருந்திருந்தால் நானும் வழக்கம்போல் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. நாற்பத்தைந்து வயது மனிதர், "இதற்கா ஒரு வருடம் உழைத்துச் சேர்த்தேன்?" என்று மணலைப் பார்த்துக் கேட்டார். முந்தைய மார்கழியில் தென்கரையில் உள்ள வெலிகமைக்குப் போயிருந்தாராம், அங்கே பழகுகிறவர்களின் பலகைகள் தலைக்கு மேல் பறந்தனவாம். இங்கே சுற்றிலும் அலைக்குப் பேர்போன விஸ்கி பாயின்ட், பொத்துவில் பாயின்ட், பீனட் ஃபார்ம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எங்கும் இதே கதை. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

ஓர் இடம் இருக்கிறது என்று முதலில் சொன்னது நான்தான். இதை எழுதாமல் விட்டால் முழுக் கதையும் பொய்யாகிவிடும்.

இடத்தின் பெயரை எழுதமாட்டேன். இப்போது எழுதினால் புதிதாகக் கெடப்போவது ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுதமாட்டேன். பாணமைக்குப் போகிற வழிப் பக்கம் என்பது போதும். தார் வீதியை விட்டிறங்கி, வயல் ஓரமாகப் போய், யானை கடந்த தடம் பார்த்து நின்று நின்று போக வேண்டும். முனையில் ஒரு பிளந்த பாறை. பாறைக்கு இப்புறம் வளைந்த சின்னக் குடா. அந்தக் குடாவில் மீனவர்கள் தங்கும் ஒரு வாடி. வாடிக்கு முன்னால், வருடம் தவறாமல், கரைவலை: தோணியில் வளைத்துப் போட்டு, கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற பெரிய வலை.

"யாரும் இல்லை" என்று நான் சொன்ன இடத்தில் அந்தக் காலை பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் மாமா. கரைவலை இழுப்பதென்றால் கண்ட இடத்தில் வலையைப் போட்டு இழுப்பதல்ல. அதற்குப் பாடு உண்டு, அதாவது வலை போடுவதற்கென்றே உள்ள கடற்கரைத் துண்டு, அதற்கு எல்லை உண்டு, கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதி உண்டு. அரசாங்கத்தின் கோப்பிலேயே ஆள் இருக்கிற இடத்தைத்தான் நான் ஆளில்லாத இடம் என்று விற்றேன். வழக்கமான கூலியைப் போல் இரண்டு மடங்கு கேட்டேன். பேரம் பேசாமல் தந்தார்.

மறுநாள் நாலரை மணிக்குக் கிளம்பினோம். வண்டிக் கூரையில் பலகைக்கு அடியில் வைக்கும் பஞ்சை அவரே சரிபார்த்து, சைக்கிள் டியூப் பட்டியை இழுத்துக் கட்டினார். வழியில் அதிகம் பேசவில்லை. பீனட் ஃபார்ம் திருப்பத்தைக் கடக்கும்போது, எங்கள் பாஷையில் நிலக்கடலையும் கச்சான், கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற அந்தச் சுடுகாற்றும் கச்சான் என்று எல்லா விருந்தினருக்கும் சொல்லும் வேடிக்கையை இவருக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, "காற்று எப்போது மாறும்?" என்று கேட்டார். நல்ல சர்ஃபர் அப்படித்தான் கேட்பார். பத்து மணிக்குள் கடல் காற்று ஏறிவிடும், அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

பாறையில் ஏறி நின்று பார்த்தவர் அசையவில்லை. முனையைச் சுற்றிக்கொண்டு அலை வந்தது, பாறை ஓரமாகவே வலப்பக்கம் உரிந்துகொண்டு குடாவுக்குள் இறங்கியது. தோல் உரிக்கிற மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுந்து போகாமல். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். எட்டு வருடத் தொழிலில் ஒரு விருந்தினரின் முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கும்போது நான் செய்தது சரி என்றுதான் தோன்றியது. இன்றும் அந்த முகம் நினைவுக்கு வந்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

வாடியைக் காட்டி, "மீனவர்கள்" என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான். பாறையும் மரமும் மாதிரி அவர்களும் அந்த இடத்தில் ஒன்று. நானும் அந்தத் தொனியில்தான் சொன்னேன்.

ஏழு மணி இருக்கும். தோணி வலையைச் சுற்றி வந்துவிட்டது, இரண்டு கயிற்றிலும் ஆட்கள் பிடித்து, வலை இழுக்கும் பாட்டான அம்பாவைப் பாடிக்கொண்டே இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் ஒரு நீண்ட அலையில் வந்தார். அலை அவரை எங்கும் விடாமல் குடாவுக்குள், நேராக வலை வளைவின் நடுவில் கொண்டுவந்து இறக்கியது. பாட்டு நின்றது. பதினெட்டுப் பேரும் கத்தினார்கள், கைகளை வீசினார்கள். அவர் பலகையில் எழுந்து உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகத் திருப்பிக் கையசைத்தார்.

அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று வலையின் மடியில் கீரி மீன் இரண்டு கூடை, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் உள்ளே வந்ததால் மீன் கலைந்ததா, அன்று கடலின் குணமே அப்படியா, யாரால் சொல்ல முடியும்? மாமா என்னிடம் வந்து "யார் இது?" என்று மட்டும் கேட்டார். "என் விருந்தாளி" என்றேன். "சாப்பிட்டாரா?" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

புறப்படுமுன் அவர் கைப்பேசியைக் கொடுத்துப் பாறையோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார். திரையில் வலப்பக்க மூலையில் நீல வர்ணம் அடித்த தோணியின் முகப்பு வந்தது. நான் இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தேன். தோணி போய்விட்டது. அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. விருந்தினர்களுக்கு என்ன மாதிரிப் படம் பிடிக்கும் என்று கால்களுக்கே தெரிந்திருந்தது. சொன்ன பொய்யைவிட இந்த இரண்டு எட்டுத்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பொய்க்காவது கூலி வாங்கினேன். இதற்கு அதுவும் இல்லை.

அவர் நேர்மையானவர். படத்தை வெளியிட்டபோது இடத்தின் பெயரைப் போடவில்லை, "எங்கோ கிழக்கில்" என்று மட்டும் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பிளந்த பாறை போதும். இந்தக் காலத்தில் செயற்கைக்கோள் படத்தில் கரையோரத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனால், எந்த முனையில் வெள்ளை நுரை வரிசையாக விழுகிறது என்று தெரிந்துவிடும். நான் கூட்டிப் போயிருக்காவிட்டாலும் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள், ஒரு வருடம் பிந்தியிருக்கும் என்பார்கள் நண்பர்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வருடம் யாருக்குச் சொந்தமானது?

2024 மே மாதம் அங்கே மூன்று வண்டிகள் நின்றன. ஆகஸ்டில் ஒரு நாள் எண்ணினேன், பதினான்கு. என் வண்டியையும் சேர்த்துத்தான். நான் போகாவிட்டால் விருந்தினர் வேறு வண்டியில் போவார், வீட்டில் மூன்று பிள்ளைகள். கரைவலைக்காரர்கள் காலையில் வலை போடுவதை விட்டு, கடல் காற்று ஏறி, பலகைக்காரர்கள் கரையேறிய பிறகு வலை போடத் தொடங்கினார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. தாங்களாகவே ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில்தான் மாமா ஒரு நாள் தேநீர்க் கடையில் கேட்டார்: "மகன், அந்த முதல் ஆளிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தாய்?"

"அவரே வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கேட்டார் மாமா" என்றேன். இரண்டாவது பொய், இதுவும் தயக்கமே இல்லாமல் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஆளில்லாத கடற்கரை என்பது அவருக்கு ஒன்று, எங்களுக்கு வேறொன்று. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரை ஆளில்லாமல் இருந்தது. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகும், அடுத்த வருடம் கொரோனாவிலும் அப்படித்தான். 2022இல் வந்திருந்த சொற்ப ஆட்களையும் ஏற்றிப்போக முடியாமல் பெட்ரோல் வரிசையில் இரவுகளைக் கழித்தேன். 2024 அக்டோபரில் அறுகம்பைப் பக்கம் போக வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை எச்சரித்தபோது, இரண்டே நாளில் வீதியில் வெள்ளைக்காரர்களைவிடப் பொலிஸார் அதிகமாகத் தெரிந்தார்கள். அன்று மெயின் பாயின்டில் அருமையான அலை. தண்ணீரில் எங்கள் பையன்கள் நால்வர் மட்டும்.

அந்த முதல் விருந்தினரிடமிருந்து செய்தி வந்தது. பத்திரமாக இருக்கிறீர்களா என்று அக்கறையாகக் கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: "அலைகள் காலியாக இருக்குமே!" அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அவர்மேல் கோபம் என்று சொல்லமாட்டேன். காலியாக இருப்பதுதான் அழகு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இந்தப் பருவத்தில் ஓர் இளம்பெண் அதே கேள்வியைக் கேட்டார். "ஆட்கள் இருப்பார்களா?" இந்த முறை, "இருப்பார்கள், கரைவலைக்காரர்கள். என் மாமாவும் இருப்பார். வலை வெளியே இருக்கும்போது குடாவுக்குள் இறங்கக் கூடாது" என்றேன். சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. அவர் கண்கள் விரிந்தன. "அப்படியா? அவர்களோடு வலை இழுக்கலாமா? படம் எடுக்கலாமா?" என்றார். அதற்கு எவ்வளவு கேட்கலாம் என்று ஒரு கணக்கு என் தலைக்குள் ஓடி முடிந்துவிட்டது.

இழுத்தார். மத்தியான வெயிலில், கயிற்றின் கடைசி ஆளாக, ஐந்து நிமிடம். மாமா அவருக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார். படத்தில் இந்த முறை தோணி நடுவில் இருந்தது. கயிற்றில் கை வைத்தவருக்குக் கறிக்கு மீன் கொடுக்காமல் விடக் கூடாது என்பது அங்கே வழக்கம். மாமா ஆறு கீரி மீனை எண்ணி, பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார். என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

உல்லையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், பின் இருக்கைக்குக் கீழே அந்தப் பை அப்படியே கிடந்தது. ஆறு மீனும் இருந்தன.