கத்தரி புடிக்கிற கை: மாதவிடாய் நிற்கும் வயதில் ஒரு தையல்காரியின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பொறந்ததுல இருந்து முகூர்த்த பிளவுஸா வந்து குவியுது. காலைல லைனிங் வெட்டலாம்னு உக்காந்தா கத்தரி வளையத்துக்குள்ள கட்டைவிரல் போகுது ஆனா மடங்க மாட்டேங்குது, பத்து விரலும் கஞ்சி போட்ட காட்டன் மாதிரி வெறச்சுக் கெடக்கு. வெந்நீர்ல முக்கி, டீ டம்ளரை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு உக்காந்து, இருபது நிமிஷம் போல ஆச்சு வழிக்கு வர.

கொஞ்ச மாசமாவே இப்படித்தான். ஒரு நாள் முழங்கை, ஒரு நாள் குதிகால், இன்னொரு நாள் வலது தோள்பட்டை, இடம் மாறி மாறி வலிக்குது, வீக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, அதனால யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க. எப்ப இருந்து வலிக்குதுன்னு டாக்டர் கேட்டா முழிக்கக் கூடாதுன்னுதான் தேதி போட்டு எழுத ஆரம்பிச்சிருக்கேன். வயசு 48. கடைசியா தூரமானது பொங்கலுக்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா பிரண்டை கொண்டு வந்துச்சு. கணுவெல்லாம் நார் உரிச்சு நல்லெண்ணெயில வதக்கி புளி வச்சு துவையல் அரைச்சுக் குடுத்துச்சு, கையில நல்லெண்ணெய் தடவிக்கிட்டு உரிச்சும் அதுக்கு விரல் அரிப்பு. எனக்கு துவையல் ருசியா இருந்துச்சு, வலி இருக்கிற எடத்துலதான் இருக்கு. "எங்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்துச்சு, யாரு டாக்டர்கிட்ட போனா"ன்னு அம்மா சொல்லும்போதுதான் உறைச்சுச்சு, அதுவும் இதே வயசுல ஆட்டுக்கல்லைப் புடிக்க முடியாம அழுதிருக்கு, நாங்க பிள்ளைங்க அதை சோம்பேறித்தனம்னு நெனச்சோம்.

தெருமுனை மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்குனேன். போட்டா நாலு மணி நேரம் சுகம், அப்புறம் நெஞ்செரிச்சல்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பொது டாக்டர்கிட்ட போனேன். முக்கால் மணி நேரம் உக்கார வச்சு ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டார். வயசாகுது, வெயிட்டைக் குறைங்க, மெஷின் மிதிக்கிறதைக் குறைங்க. மெஷின் மிதிக்கிறதைக் குறைச்சா அரிசி யாரு வாங்குறதுன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ரத்த டெஸ்ட் எல்லாம் ஒழுங்கா எழுதினார், அதுக்கு நன்றி சொல்லித்தான் ஆகணும்: இஎஸ்ஆர், சிஆர்பி (ரெண்டும் உடம்புல அழற்சி இருக்கானு பாக்குறது), ஆர்ஏ ஃபேக்டர் (முடக்குவாதத்துக்கு), யூரிக் ஆசிட், தைராய்டு, சுகர், வைட்டமின் டி.

செப்டம்பர் 5, வெள்ளி

ரிப்போர்ட் வந்துருச்சு. வைட்டமின் டி மட்டும் 14, அது கம்மி, மத்ததெல்லாம் நார்மல். வீட்டுக்காரர் "பாத்தியா, ஒண்ணுமில்ல"ன்னு நிம்மதியா டிவி பக்கம் திரும்பிட்டார். ஒண்ணுமில்லைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு தோளைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது யாராம்?

செப்டம்பர் 14, ஞாயிறு

திண்டுக்கல்ல மதினி வீட்டுக்குப் போனோம். மதினிக்கு மார்புல கட்டி எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப தெனம் லெட்ரோசோல் மாத்திரை. எந்திரிக்கும்போது கட்டிலைப் புடிச்சுக்கிட்டு "அம்மாடி"ன்னாங்க, அப்படியே நான் எந்திரிக்கிற மாதிரியே இருந்துச்சு. கேட்டா காலைல விரல் மடக்க முடியலையாம், முட்டி, மணிக்கட்டு எல்லாம் புடிச்சுக்குதாம். "அந்த மாத்திரை உடம்புல ஈஸ்ட்ரோஜனை, அதான் பொம்பளைங்களுக்குச் சுரக்கிற ஹார்மோனை, அடியோட குறைச்சிரும், அதனால மூட்டு வலி வரும், நெறைய பேருக்கு வருதுன்னு கேன்சர் டாக்டரே மொதல்லயே சொல்லிட்டார்"ன்னாங்க சாதாரணமா.

நான் அப்படியே உக்காந்துட்டேன். மாத்திரை போட்டு ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா மூட்டு வலிக்கும்னு டாக்டருக்கே தெரிஞ்சிருக்கு, அப்ப மாத்திரை போடாமலே, தூரம் நிக்கிற வயசுல அது தானா குறையிற எங்களுக்கு மட்டும் ஏன் "வயசாகுது, வெயிட்டைக் குறை"? பஸ்ல வரும்போது பூரா இதே யோசனை.

செப்டம்பர் 23, செவ்வாய்

லேடி டாக்டர்கிட்ட போனேன், மகப்பேறு டாக்டர்தான், பிரசவத்துக்குத்தான் இவங்ககிட்ட போகணும்னு இல்ல. இந்த நோட்டைக் காட்டினேன், உக்காந்து படிச்சாங்க!

காலைல வெறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு, முட்டு வீங்கி சூடா இருக்கானு கேட்டாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்து, விரல் முட்டு வீங்கினா அது முடக்குவாதமா இருக்கலாம், தள்ளிப் போடவே கூடாதாம். சிலருக்கு ஆர்ஏ ஃபேக்டர் நார்மலா இருந்தும் அந்த நோய் இருக்கும்னு ஆன்டி சிசிபி டெஸ்டும் எடுக்கச் சொன்னாங்க.

அப்புறம்தான் வெவரமா சொன்னாங்க. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்யலையாம். மூட்டுல இருக்கிற குருத்தெலும்பு, மூட்டைச் சுத்தி இருக்கிற சவ்வு, தசைநார், தசை, எலும்பு எல்லாத்துலயும் அது வந்து ஒட்டிக்கிற எடம் இருக்காம், வீக்கத்தையும் அழற்சியையும் அது அடக்கி வைக்குமாம். அது ஏறி எறங்கி குறையும்போது சின்ன உரசலுக்கே வலி கெளம்பும், தசையும் வத்தும், தூக்கம் கெட்டா வலி இன்னும் பெருசா தெரியும். தொடர்ந்து 12 மாசம் தூரம் வரலைன்னாதான் நின்னுருச்சுன்னு கணக்கு, நான் இன்னும் அதுக்கு முந்தின கட்டத்துலதான் இருக்கேன், வலி பல பேருக்கு இந்தக் கட்டத்துலயே ஆரம்பிச்சிருமாம். நம்ம நாட்டுல சராசரியா 46, 47லயே நின்னுருது, வெளிநாட்டுக்காரங்களுக்கு 51 கிட்ட.

குறையிற ஈஸ்ட்ரோஜனை ஈடு கட்டுற ஹார்மோன் மாத்திரை கேட்டேன். மூட்டு வலிக்குன்னு மட்டும் மொதல்ல அதை எழுத மாட்டாங்களாம், ராத்திரி வேர்வை, தூக்கம் கெடறதெல்லாம் சேர்ந்து படுத்தினா யோசிக்கலாம், சிலருக்கு அதுல மூட்டு வலியும் கொஞ்சம் கொறையும். எல்லாரும் பயந்தது 2002ல அமெரிக்காவுல இந்த மாத்திரை பத்தின ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பாதியில நிறுத்தினதாலயாம், ஆனா அதுல இருந்தவங்க சராசரி வயசு 63. 60 வயசுக்குள்ள, நின்னு 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கிறவங்களுக்கு லாப நஷ்டக் கணக்கு வேற. மதினி மாதிரி மார்புப் புத்துநோய் வந்தவங்களுக்கு பொதுவா குடுக்க மாட்டாங்க. எனக்கு மொதல்ல மேமோகிராம், அதான் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பாக்குறது, எடுத்துட்டு வாங்கன்னாங்க.

மெடிக்கல்ல நானா வாங்குற வலி மாத்திரைக்கு நல்லா திட்டு. எனக்கு பிபி இருக்கு, அது பிபியை ஏத்தும், கிட்னிக்கும் ஆகாது. தேவைப்பட்டா பாராசிட்டமால், விரலுக்கு மேல தடவுற ஜெல். வைட்டமின் டிக்கு 60,000 யூனிட் பொடி வாரம் ஒண்ணு, 8 வாரம், அதோட நிறுத்தணும். எங்க தெருவுல ஒரு அக்கா நல்லதுதானேன்னு மாசக்கணக்கா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, நாளைக்கே போய் சொல்லணும், அதிகமானா ரத்தத்துல கால்சியம் ஏறிருமாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்கு சந்தனம் குங்குமம் வச்சாச்சு, கத்தரிக்கும் வச்சாச்சு, தொடக்கூடாதுன்னு ஒரு நாள் லீவு. ஆன்டி சிசிபியும் நெகட்டிவ்.

பொண்ணு போன்ல தேடி வாசிச்சுக் காட்டுச்சு. 1925லயே ரெண்டு அமெரிக்க டாக்டருங்க, மாதவிடாய் நிக்கிற வயசுல வர்ற மூட்டு வாதம்னு 50 பேரைப் பாத்து பெரிய மருத்துவப் பத்திரிகையில எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் 2024லதான் இந்த வலி, தசை வத்துறது, எலும்பு தேயிறது எல்லாத்தையும் சேர்த்து ஒரே தொகுப்பா பேரு வச்சிருக்காங்களாம், எழுபது சதவீதத்துக்கு மேல பொம்பளைங்களுக்கு வருதுன்னும் அதுல போட்டிருக்கு. நூறு வருஷம்! எங்கம்மா, எங்கம்மாவோட அம்மா எல்லாம் நடுவுல இந்த வயசைத் தாண்டிட்டாங்க.

அக்டோபர் 9, வியாழன்

தீபாவளி ஆர்டர் கழுத்து வரைக்கும். இன்னைக்கு ஒரு டீச்சரம்மா, பின்னாடி கொக்கி வச்ச பிளவுஸை எடுத்துட்டு வந்து "முன்னாடி மாத்திக் குடுங்க, கை பின்னால போகல"ன்னாங்க. அளவு நோட்டைப் பொரட்டிப் பாத்தேன். பழைய கஸ்டமருங்க நாப்பத்தஞ்சு அம்பது தாண்டினதும் ஒவ்வொருத்தரா பின் கொக்கியை விட்டு முன் கொக்கிக்கு மாறியிருக்காங்க, கை வளைவை லூசா வைங்கன்னு பக்கத்துல நானே எழுதி வச்சிருக்கேன். ஃபேஷன் மாறுதுன்னு நெனச்சு நானும் தச்சுக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன்.

டீச்சரம்மாவை கையைத் தூக்கச் சொன்னேன், காது வரைக்கும் கூட போகல, நானா புடிச்சுத் தூக்கினாலும் போகல. அவங்களுக்கு சுகர் வேற. சுகர், தைராய்டு இருக்கவங்களுக்கு தோள் இறுகுறது அதிகம், ஒண்ணுல இருந்து மூணு வருஷம் வரை இழுக்கும்னு டாக்டர் சொன்னதைச் சொல்லி, எலும்பு டாக்டரைப் பாருங்க, சும்மா விடாதீங்கன்னு அனுப்பினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பிசியோ சொல்லிக் குடுத்த பயிற்சி. சுவத்துல விரலால மேல ஏறுறது, நாற்காலில கையை ஊனாம உக்காந்து எந்திரிக்கிறது, ரெண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்குறது. நாள் பூரா வேலைதானே பாக்குறேன் இதுக்கு மேல என்ன பயிற்சின்னு கேட்டதுக்கு, குனிஞ்சு உக்காந்து ஒரே கையை ஆட்டுறது வேலை, தசை வளர்றதுக்கு பாரம் வேணும்னாங்க. மொத வாரம் வலி கூடத்தான் செஞ்சுச்சு. இப்ப காலை வெறைப்பு சீக்கிரமே விட்டுருது, தோள் மட்டும் அப்படியே.

சாப்பாட்டுலயும் கை வச்சாங்க. கிலோ எடைக்கு ஒரு கிராமாச்சும் தெனம் புரதம் வேணுமாம், என் எடை 68 கிலோ. மூணு இட்லில ஆறு கிராம் தேறினாலே பெருசு. அதனால காலைல ரெண்டு முட்டை, சாயங்காலம் சுண்டல். "எனக்கில்லாத முட்டையா"ன்னு வீட்டுக்காரர் கேக்குறார், அவருக்கும் சேர்த்து அவிக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

இன்னைக்கு உலக மெனோபாஸ் தினமாம், அதான் தூரம் நிக்கிறதுக்கான நாள், பொண்ணு சொல்லுச்சு. நல்ல நாள் பாத்தாங்க, நாளன்னைக்கு தீபாவளி. மோதிர விரல் மடக்கினா டக்குனு மாட்டிக்குது, இன்னொரு கையால எடுத்து விடவேண்டியிருக்கு. இதுவும் இந்த வயசுல பொம்பளைங்களுக்கு அதிகம் வர்றதுதானாம், ராத்திரி விரலுக்குப் பட்டை போட்டுப் பாப்போம், அடங்கலைன்னா ஊசின்னு சொல்லியிருக்காங்க. கொக்கி கட்டுறதையும் ஹெம்மிங்கையும் பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன், பிளவுசுக்கு 15 ரூபா. வெட்டுறது மட்டும் நான்தான்.

அக்டோபர் 25, சனி

மேமோகிராமுக்கு வர்ற வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. அது நல்லா வந்தா ஹார்மோன் பத்திப் பேசலாம், ராத்திரி வேர்வை இப்ப ரொம்பப் படுத்துது. மதினியும் டாக்டர்கிட்ட கேட்டு, மாத்திரையை நிறுத்தாம பயிற்சி ஆரம்பிச்சிருக்காங்க, தெனம் காலைல போன்ல ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணிக்கிட்டே செய்யுறோம். எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமான்னும் கேக்கணும், அம்மாவுக்கு போன வருஷம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுச்சு, அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். கார்த்திகை முகூர்த்தத்துக்கு இப்பவே ஏழு பிளவுஸ் வந்திருக்கு, நாலு முன் கொக்கி.