படர்தாமரைக்குக் களிம்பு: அரிப்பு நின்ற பிறகும் தடவியது ஏன்

படர்தாமரைக்கு மருந்து தடவுவதில் கஷ்டமான கட்டம் எது என்று கேட்டால், அரிப்பு தாங்க முடியாத ஆரம்ப நாட்களைச் சொல்ல மாட்டேன். அரிப்பு நின்று, தோலும் பார்க்க நன்றாகிவிட்ட பிறகு வரும் நாட்களைத்தான் சொல்வேன். இனி எதற்கு என்று விட்டுவிடத் தோன்றுவது அப்போதுதான். உள்ளே மிச்சமிருக்கும் பூஞ்சை மறுபடி கிளம்புவதும் அப்படி விட்டுவிடும்போதுதான். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒழுங்காகத் தடவி இதிலிருந்து வெளியே வந்தவள் என்பதால், வழியில் தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதி வைக்க நினைத்தேன்.

எனக்கு வந்தது இடுப்பில், உடை இறுக்கிப் பிடித்து வியர்வை தங்கும் இடத்தில். முதலில் சின்னதாக ஒரு சிவப்பு. அப்புறம் அது வட்டமாக விரிந்தது. ஓரம் மட்டும் சற்றுத் தடித்து, அதில் மெல்லிய செதில் உதிர்ந்தது. நடுப்பகுதி ஆறிவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. வியர்த்தால் அரிக்கும், இரவில் இன்னும் அதிகமாக அரிக்கும்.

அண்ணி அதைப் பார்த்துவிட்டுத் தன்னிடமிருந்த ஒரு டியூபை எடுத்து வந்தார். "இதைப் போடு, ரெண்டே நாள்ல அடங்கிடும். எனக்கு எப்ப வந்தாலும் இதுதான் கேக்கும்" என்றார். கேட்கிற மருந்தாக இருந்தால் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று எனக்குத் தோன்றியது. டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே க்ளோபெட்டசால் 0.05 சதவீதம். இந்த மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது.

சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடல் காட்டும் எதிர்ப்பின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. அதனால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், சிவப்பும் மங்கும். பூஞ்சையோ தடுக்க ஆளில்லாமல் பரவிக்கொண்டே இருக்கும். வட்டத்தின் தெளிவான ஓரம்கூடக் கலைந்துபோய், என்ன நோய் என்று மருத்துவரே தடுமாறும் அளவுக்குத் தோற்றம் மாறிவிடுவதுண்டு. இதற்கென்றே 'டினியா இன்காக்னிட்டோ' என்று மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே என்று மடிப்புள்ள இடங்களில் தோல் மெல்லியது, மருந்தை அதிகமாக உறிஞ்சும். அங்கே வீரியமான ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலிந்து, பிரசவக் கோடு போலக் கோடுகள் விழும்.

"அண்ணி, இதுல ஸ்டீராய்டு இருக்கு பாருங்க" என்று காட்டினேன். அவர் சற்று நேரம் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எனக்கு இத்தனை மாசமா விட்டு விட்டு வர்றது இதனாலயா?" என்று கேட்டார். தொடை இடுக்கில் அவருக்கு ஏற்கனவே கோடுகள் விழுந்திருந்ததை அன்றுதான் என்னிடம் சொன்னார். இருவருமாகத் தோல் டாக்டரிடம் போனோம்.

எந்தக் களிம்பை வாங்கினாலும் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் மருந்துகளின் பட்டியலைப் படியுங்கள் என்று சொல்வது இதனால்தான். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் இவையெல்லாம் ஸ்டீராய்டுகள். இவற்றில் வீரியம் குறைந்த ஒன்றைச் சில நாட்களுக்கு மட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்வதும் உண்டு. ஆனால் அது நேரில் பார்த்தவர் எடுக்க வேண்டிய முடிவு, பக்கத்தில் இருப்பவர் தருவதை வாங்கிப் பூசிக்கொள்வதற்கு அது நியாயமாகாது.

டாக்டர் உடனே மருந்து எழுதவில்லை. வட்டமாக இருப்பதெல்லாம் பூஞ்சை இல்லை என்றார். எக்சிமாவில் ஒரு வகை நாணயம் போல வட்டமாக வரும், சோரியாசிஸும் செதில் உதிர்க்கும். அதனால் வட்டத்தின் ஓரத்திலிருந்து செதிலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தார். வலி இல்லை. பூஞ்சை அதிகம் இருப்பது ஓரத்தில்தான் என்பதால் எடுப்பதும் அங்கிருந்துதான். அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டால் தோல் செல்கள் கரைந்துபோய்ப் பூஞ்சையின் இழைகள் மட்டும் நிற்கும், அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். களிம்பு எதுவும் போட்டீர்களா என்று முதலிலேயே கேட்டார். பூஞ்சைக் களிம்பு தடவிவிட்டுப் போனால் பூஞ்சை இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாமாம். நான் எதையும் பூசாமல் போயிருந்தது இதற்கு வசதியாகிவிட்டது.

எனக்கு எழுதித் தந்தது க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு. காலையும் இரவும் தடவ வேண்டும், மொத்தம் 4 வாரம். "எனக்குத் தெரிந்தவர் ஒரே வாரத்தில் முடித்தாரே" என்று கேட்டேன். அது டெர்பினாஃபினாக இருக்கும் என்றார். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற ஒரு பொருள் வேண்டும். நம் செல்களில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். இரண்டு மருந்துமே பூஞ்சை எர்கோஸ்டெரால் தயாரிப்பதைத் தடுக்கின்றன, ஆனால் வெவ்வேறு படியில். க்ளோட்ரிமசோல் பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. டெர்பினாஃபின் படர்தாமரைப் பூஞ்சையைக் கொன்றே விடுகிறது. அதனால் அதற்குப் பெட்டியில் 1 அல்லது 2 வாரம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் டெர்பினாஃபினுக்கு மசியாத பூஞ்சை வகைகளும் இப்போது பல நாடுகளில் பரவியிருக்கின்றன. ஒருவருக்கு ஒரு வாரத்தில் போனது இன்னொருவருக்கும் அப்படியே போகும் என்று எண்ண முடியாது.

இந்தப் பூஞ்சை உயிருள்ள தோலுக்குள் போவதில்லை. மேலே இறந்து அடுக்கியிருக்கும் செல்களில் உள்ள கெரட்டினைத் தின்று வாழ்கிறது. மேல்தோல் கீழிருந்து புதிதாக வளர்ந்து பழையதைத் தள்ளிவிட ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அரிப்பு நின்றதும் வேலை முடிந்தது என்று ஏன் நினைக்கக் கூடாது என்பது இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தொற்று பிடித்த அடுக்கு முழுதாக உதிர்ந்து போகும்வரை, அதன் இடத்தில் வளரும் புதுத்தோலைப் பூஞ்சை பிடிக்காமல் மருந்து காவல் நிற்க வேண்டும்.

தடவும் முறைக்கு வருகிறேன். குளித்தவுடன் ஒரு துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டு, தொற்று உள்ள இடத்தை மட்டும் வேறொரு துண்டால் ஒற்றி எடுப்பேன். தேய்ப்பதில்லை. ஈரம் முழுதாகப் போகும்வரை சற்றுக் காத்திருப்பேன், ஏனென்றால் ஈரம்தான் பூஞ்சைக்கு வேண்டியது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் வருவது சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு (விரல்களையும் சேர்த்து) இடத்துக்கு அது போதும். எனக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. கெட்டியாக அப்பினால் சீக்கிரம் குணமாகாது, தோல் ஊறிப்போவதுதான் மிச்சம்.

கண்ணுக்குத் தெரியும் ஓரத்தோடு நிறுத்தக் கூடாது. சுற்றிலும் 2 சென்டிமீட்டர் வரை நல்ல தோலிலும் தடவ வேண்டும், பூஞ்சை அதற்குள் அங்கே போயிருக்கும். வெளியிலிருந்து உள்நோக்கித் தடவச் சொன்னார் டாக்டர். மேலே பிளாஸ்டரோ இறுக்கமான கட்டோ போடவில்லை. டியூபின் வாய் தோலில் படாமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கண்ணுக்கும் வாய்க்கும் இந்த மருந்து போகக் கூடாது.

முதலில் தடவியபோது லேசாக எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது. அது பரவாயில்லை. ஆனால் தடவத் தடவச் சிவப்பு அதிகமாவது, வீங்குவது, கொப்புளம் வருவது என்றால் மருந்தோ களிம்பில் சேர்க்கும் வேறு பொருளோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, அரிப்பு நின்ற பிறகு? ஓரத்தின் தடிப்பு அமுங்கியது, செதில் உதிர்வது நின்றது. காலை அவசரத்தில் "இன்றைக்கு விட்டால் என்ன" என்று தோன்றத்தான் செய்தது. டியூபைப் பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்திலேயே வைத்தேன், கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டேன். தோல் நல்லபடியாகத் தெரிந்த பிறகும் குறைந்தது 1 முதல் 2 வாரம் தடவ வேண்டும் என்பது டாக்டர் தந்த கணக்கு.

அந்த இடத்தில் வட்டமாக ஒரு பழுப்பு நிறம் மட்டும் தங்கியிருந்தது. நிறம் இருப்பதால் தொற்றும் இருக்கிறது என்று பயந்து பலர் மாதக்கணக்கில் களிம்பைத் தொடர்கிறார்கள். அது அழற்சி விட்டுப்போன நிறம், பூஞ்சை இல்லை. மங்கச் சில மாதங்கள்கூட ஆகலாம், அதற்குப் பூஞ்சைக் களிம்பு உதவாது. விரலால் தடவிப் பார்த்தால் தோல் வழவழப்பாக இருக்கிறதா, செதில் உண்டா, ஓரம் தடிக்கிறதா, வட்டம் பெரிதாகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எனக்கு நிறத்தைத் தவிர எதுவும் இல்லை. அதனால் குறித்த தேதியில் நிறுத்தினேன்.

வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்றும் டாக்டர் கேட்டிருந்தார். அப்பாவின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வெகு நாளாக இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பூஞ்சை. ஒரே துண்டு, ஒரே கால்மிதி என்று புழங்கினால் மாறி மாறித் தொற்றும். ஒருவர் மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அப்பாவையும் அழைத்துப் போனோம். அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார் என்று சொன்னதும், மைக்கோனசோல் உள்ள களிம்பு எதையும் போட வேண்டாம் என்றார் டாக்டர். தோலில் பூசும் மைக்கோனசோல்கூட வார்ஃபரினின் வேலையை அதிகமாக்கி ரத்தக்கசிவு வரை கொண்டுபோக வாய்ப்பிருக்கிறதாம். வெளியில் பூசுவதுதானே என்று நாங்களாக வாங்கியிருந்தால் இது தெரிந்திருக்காது. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் களிம்பு வாங்கும்போதும் காட்டுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும். பிறப்புறுப்புப் பகுதியில் க்ளோட்ரிமசோல் போடுபவர்கள், அது ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கக்கூடும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்பாவுக்கு டாக்டர் சொன்ன ஒரு சின்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளாடை அணியும் முன் காலுறையைப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாதத்துப் பூஞ்சையை உள்ளாடையே தொடை இடுக்குக்கு எடுத்துப்போகும். துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து நன்றாக உலர்த்தினோம். துண்டுகள் ஆளுக்கொன்று ஆயின.

தலையில் வந்தாலும் நகத்தில் வந்தாலும் களிம்பை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. முடி வேருக்குள்ளும் நகத்துக்கு அடியிலும் களிம்பு போய்ச் சேராது. தலைக்கு மாத்திரை வேண்டும், நகத்துக்கும் பெரும்பாலும் அப்படித்தான். 2 வாரம் ஒழுங்காகத் தடவியும் குறையவில்லை, பரவுகிறது, சீழ் வைக்கிறது, காய்ச்சல் வருகிறது என்றாலும் மறுபடி காட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் வரும் எதையும் தாங்களாகப் பார்த்துக்கொள்ளக் கூடாது. விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் பாக்டீரியா புகுந்தால் கால் வீங்கிப் பெரிய தொற்றாகிவிடும்.

அண்ணிக்கு வைத்தியம் இன்னும் நடக்கிறது. ஸ்டீராய்டை நிறுத்தியதும் சிவப்பும் அரிப்பும் முதலில் கூடும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் பயப்படாமல் தாங்கிக்கொண்டார். பரவியிருந்த அளவுக்குக் களிம்பு மட்டும் போதாது என்று மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். கோடுகளின் நிறம் போகப் போக மங்கும், முழுதாக மறையாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது யாராவது அவரிடம் அரிப்பு என்று சொன்னால், டியூபை எடுத்து வந்து பின்பக்கத்தைக் காட்டச் சொல்கிறார்.