எத்தனை பிட் என்று மட்டும் கேட்டால் போதாது

உணரிகள் தரும் மின்னழுத்தத்தை எண்களாக மாற்றிப் பதியும் தரவுச் சேகரிப்புக் கருவியை வாங்குவோர் முதலில் கேட்பது "எத்தனை பிட்?" என்பதைத்தான். பிட் கூடக் கூட, மின்னழுத்தத்தை அது பிரிக்கும் படிகளும் கூடும். தேவையான கேள்விதான் என்றாலும், உள்ளீட்டு வீச்சு எவ்வளவு, உணரி தரும் மின்னழுத்தம் எவ்வளவு என்பவற்றை அறியாமல் அதன் விடையால் பயனில்லை.

ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்னணுப் பலகையில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் மாற்றி, 0 முதல் 5 வோல்ட் வரையிலான வீச்சை 1024 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட் ஆகிறது. இதுவே அதன் பிரிதிறன். உலைகளில் பரவலாகப் பயன்படும் கே வகைத் தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரியோ ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தரும். அதை நேரடியாக இணைத்தால், உலை ஏறத்தாழ 120 டிகிரி சூடேறினால்தான் எண் ஒரு படி நகரும். இடையில் 100 மடங்கு பெருக்கி ஒன்றை வைத்தால் ஒரு படி 1.2 டிகிரியாகச் சுருங்குவதோடு, 1200 டிகிரி வரையிலான அளவும் 5 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். பிட் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் பெருக்கியைப் பற்றி யோசிப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

பிரிதிறன் வேறு, துல்லியம் வேறு. ஊனோ வழக்கமாகத் தன் மின்வழங்கலையே ஒப்பீட்டு மின்னழுத்தமாக, அதாவது அளவுகோலாக, கொள்வதால், அது 4.75 வோல்ட்டாகக் குறைந்தால் எல்லா அளவீடுகளும் சுமார் 5 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். படிகள் எவ்வளவு நுண்மையானவையாக இருந்தாலும் இந்தப் பிழை மறையாது.

மாதிரியெடுப்பு வீதத்தில், அதாவது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதில், இன்னும் கவனம் வேண்டும். வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் குறைந்த அதிர்வெண்களாக உருமாறிப் பதிவாகும். இதை அலியாசிங் என்பர். உலை மெதுவாகத்தானே சூடேறுகிறது என்று நொடிக்கு 10 மாதிரிகள் எடுப்பதாகக் கொள்வோம். கம்பிகளில் புகும் மின்விநியோக இரைச்சல் வழக்கமான 50 ஹெர்ட்ஸிலிருந்து சற்று விலகி அந்நேரம் 49.9 ஹெர்ட்ஸில் இருந்தால், அது 10 நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலையாகப் பதிவாகி, உலையின் வெப்பநிலையே ஊசலாடுவதாகக் காட்டும். பதிவான பிறகு அதை உண்மையான ஊசலாட்டத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஆகவே இத்தகைய அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டி மாற்றிக்கு முன்னால் இருக்க வேண்டும். மெதுவான அளவீடுகளுக்கு, 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுழற்சியான 20 மில்லிநொடிக்குச் சமிக்ஞையைத் தொகுத்துச் சராசரி காணும் வகை மாற்றியைத் தேர்ந்தெடுத்தால், இந்த இரைச்சலின் பெரும்பகுதி மாற்றியிலேயே நீங்கிவிடும்.